டிசிபி-ஓ-மேட்டிக்: குறும்படத்தைத் தியேட்டர் திரைக்குக் கொண்டுபோகும் இலவச மென்பொருள்

குறும்படத்தை முடித்து யூடியூபில் ஏற்றுவதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. ஊரில் உள்ள தியேட்டரைக் காலைக் காட்சிக்கு வாடகைக்கு எடுத்து, வேலை செய்தவர்களையும் ஊர்க்காரர்களையும் உட்காரவைத்துப் படத்தைப் போடலாம் என்று கிளம்பும்போதுதான் ஆபரேட்டர் முதல் கேள்வியைக் கேட்பார்: "டிசிபி இருக்கா?" தியேட்டர் சர்வர் ஓட்டும் வடிவில் படத்தைக் கட்டித் தரும் டிஜிட்டல் சினிமா பேக்கேஜைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தியேட்டர் சர்வர்கள் பெரும்பாலும் எம்பி4 ஃபைலைத் தொடாது. எச்டிஎம்ஐ வழியாக லேப்டாப்பை இணைக்கச் சில இடங்களில் வசதி உண்டு. ஆனால் அந்த வழியில் ஒலி பல தியேட்டர்களில் ஸ்டீரியோவாக மட்டுமே வரும், நிறமும் ப்ரொஜெக்டரின் அமைப்புக்குத் தக்கபடி மாறிப்போகும். அதனால் குறும்படமாக இருந்தாலும் டிசிபி செய்துவிடுவதுதான் சரி.

அதற்கு லேபுக்குப் போக வேண்டிய அவசியம் இப்போது இல்லை என்பதே எங்கள் முடிவு. கார்ல் ஹெதரிங்டன் உருவாக்கிப் பராமரித்துவரும் டிசிபி-ஓ-மேட்டிக் ஒரு திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், விலை கிடையாது, படத்தின் மேல் வாட்டர்மார்க் எதுவும் விழாது. லேபுக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தைத் தியேட்டரில் அரை மணி நேரச் சோதனைக் காட்சிக்குச் செலவிடுங்கள், அதில்தான் பலன் அதிகம். ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மென்பொருள் நீங்கள் சொன்னதைச் சொன்னபடி செய்யும். தவறான ஃபைலைக் கொடுத்தால் எச்சரிக்கும், ஆனால் தடுக்காது. எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்து போனவர்களின் படங்கள்தான் தியேட்டரில் மாட்டிக்கொள்கின்றன.

டிசிபி என்பது ஒரே ஃபைல் அல்ல, ஒரு ஃபோல்டர். படம் ஒவ்வொரு ஃபிரேமாக ஜேபெக் 2000 முறையில் சுருக்கப்பட்டு ஒரு எம்எக்ஸ்எஃப் ஃபைலில் இருக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி இன்னொரு எம்எக்ஸ்எஃப்பில் இருக்கும். இவற்றுடன் சில சின்ன ஃபைல்களும் உண்டு: எதை எந்த வரிசையில் ஓட்டுவது என்பதைச் சிபிஎல் சொல்லும், ஃபைல்கள் சிதையாமல் வந்திருக்கின்றனவா என்று சரிபார்க்கும் குறியீடுகள் பிகேஎல்லில் இருக்கும், எது எங்கே இருக்கிறது என்பதை அசெட்மேப் காட்டும். இவற்றில் ஒரு ஃபைலின் பெயரை மாற்றினாலும் சர்வர் அந்த ஃபோல்டரை ஏற்காது. படத்தின் பெயரை அழகாக வைக்கிறேன் என்று எம்எக்ஸ்எஃப் ஃபைலை ரீநேம் செய்துவிட்டுத் தியேட்டர் வாசலில் தவிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மென்பொருளைத் திறந்தால் இடப்பக்கம் அமைப்புகள், வலப்பக்கம் முன்னோட்டம். எடிட்டிங்கில் இருந்து எடுத்த மாஸ்டர் ஃபைலை உள்ளே சேர்க்க வேண்டும். புரோரெஸ் 422 எச்க்யூ அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவில் எடுத்தால் போதும். யூடியூபுக்காக எடுத்த எம்பி4ஐயே போட்டாலும் வேலை செய்யும், ஆனால் இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிவது முப்பதடித் திரையில் பெரிதாகிவிடும். டிவி, கணினித் திரைகளுக்கான ரெக்.709 நிறத்தில் இருந்து தியேட்டருக்கான எக்ஸ்ஒய்இசட் நிறவெளிக்கு மாற்றுவதை மென்பொருள் தானே செய்துவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது ரேஞ்சை, அதாவது கறுப்பும் வெள்ளையும் ஃபைலில் எந்த எண்களாகப் பதிந்திருக்கின்றன என்பதை மட்டும்தான். எடிட்டிங்கில் ஃபுல் ரேஞ்சில் எடுத்த ஃபைலை இங்கே வீடியோ ரேஞ்ச் என்று படித்தால் கறுப்பு அப்பிப்போகும், மாற்றிப் படித்தால் படம் வெளிறும். முன்னோட்டத்தில் கறுப்புச் சட்டையின் மடிப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் வீடியோ தாவலில் ரேஞ்சை மாற்றிப் பார்க்க வேண்டும்.

அதே வீடியோ தாவலில் சிறிய எழுத்தில் சில வரிகள் இருக்கும். ஃபைலின் அளவு என்ன, டிசிபியில் அது எந்த அளவுக்கு விரிகிறது, எவ்வளவு கறுப்பு சேர்கிறது, எந்த வேகத்தில் ஓடப்போகிறது என்பதெல்லாம் அங்கே வரும். இந்த மென்பொருளில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த வரிகளைப் படித்துவிடுங்கள். ஃபிரேம் ரேட் கோளாறு அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

தியேட்டரின் இயல்பு விநாடிக்கு 24 ஃபிரேம். 23.976இல் எடுத்திருந்தால் கவலையில்லை, 100.1 சதவீத வேகத்தில் ஓடும், யாருக்கும் தெரியாது. 25இல் எடுத்த படத்தைச் சேர்த்தால் மென்பொருள் டிசிபியையும் 25 என்றே வைத்துக்கொள்ளும். பிறகு, எல்லா ப்ரொஜெக்டரும் 25ஐ ஏற்காது, 24க்கு மாற்றுங்கள் என்று குறிப்பு காட்டும். மாற்றினால் படம் 96 சதவீத வேகத்தில் ஓடும். 15 நிமிடப் படம் சுமார் 37 விநாடி நீளும், குரலின் சுருதி கொஞ்சம் இறங்கும். வசனப் படங்களில் இது பெரும்பாலும் உறுத்தாது. பாட்டு இருந்தால் காது பழகியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உண்மையான தலைவலி 30 ஃபிரேம்தான். மொபைலில் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் இதில்தான் விழும். 30ஐ 24 ஆக்கச் சொன்னால் மென்பொருள் படத்தை 80 சதவீத வேகத்துக்கு இறக்கும், அதை யாரும் பார்க்க முடியாது. 30ஐ 24 ஆக்க இடையில் ஃபிரேமைக் குறைத்துச் சரிசெய்யும் வேலையை இது செய்வதில்லை. இரண்டு வழிகள்தான் உண்டு. எடிட்டிங் மென்பொருளில் 24 ஃபிரேம் டைம்லைனுக்கு மாற்றி எடுக்கலாம், கேமரா நகரும் காட்சிகளில் சிறு உதறல் இருக்கும். அல்லது டிசிபியின் இரண்டு வகைகளில் புதியதான எஸ்எம்பிடிஇயில் 30 ஃபிரேம் டிசிபியே செய்து, அந்தத் தியேட்டரில் ஓடுமா என்று முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம். பழைய இன்டராப் வகையில் இதற்கு வழியில்லை. மொபைல் கேமராக்களில் இன்னொரு வில்லங்கம், ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காமல் ஏறி இறங்குவது. தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்தியிருக்கும், பத்தாவது நிமிடத்தில் விலகி நிற்கும். டிசிபி-ஓ-மேட்டிக்கில் இதைச் சரிசெய்ய முடியாது. எடிட்டிங்கைத் தொடங்கும் முன்பே எல்லா கிளிப்பையும் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அடுத்த படத்தை எடுக்கப்போகிறவர்கள் கேமராவை 24இல் வைத்துக்கொண்டால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

திரை அளவுக்கு வருவோம். ஃபிளாட் என்றால் 1998க்கு 1080 பிக்சல், அதைவிட அகலவாக்கான ஸ்கோப் என்றால் 2048க்கு 858. நம் படங்கள் 1920க்கு 1080 என்பதால் ஃபிளாட்டில் வைத்தால் இரு பக்கமும் 39 பிக்சல் கறுப்பு நிற்கும். பெரும்பாலான தியேட்டர்களில் அது கண்ணில் படாது, அப்படியே விட்டுவிடலாம். ஓரம் வரை நிரம்ப வேண்டும் என்றால் மேலும் கீழும் 21 பிக்சல் வெட்ட வேண்டும், ஆனால் அடியில் சப்டைட்டில் பதிந்திருந்தால் வெட்டாதீர்கள்.

ஸ்கோப் மாதிரித் தெரியட்டும் என்று 1080 உயரத்துக்குள்ளேயே மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்ட படங்கள்தான் அதிகம் அடிபடுகின்றன. அதை அப்படியே ஃபிளாட்டில் செய்துவிட்டால், உயரம் மாறாத ஸ்கோப் திரை உள்ள தியேட்டரில் நான்கு பக்கமும் கறுப்பு சூழ்ந்து படம் நடுவில் தபால்தலையாகச் சுருங்கிவிடும். செய்ய வேண்டியது எளிது. வீடியோ தாவலில் மேலே 138, கீழே 138 என்று வெட்டி, டிசிபி தாவலில் கன்டெய்னரை ஸ்கோப் என்று மாற்றுங்கள். இரண்டு எண்ணைத் தட்டச்சு செய்வதில் திரை முழுக்கப் படம் வந்துவிடும். பட்டையின் மேல் சப்டைட்டிலைப் பதித்து வைத்திருந்தால் மட்டும் இது நடக்காது. அதனால் மாஸ்டர் ஃபைலை எப்போதும் சப்டைட்டில் இல்லாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலியில் இந்த மென்பொருள் நிறையவே உதவுகிறது, ஆனால் அதிகமானோர் தடுக்கி விழுவதும் இங்கேதான். வீட்டில் ஹெட்போன் வைத்து மிக்ஸ் செய்த ஸ்டீரியோவைச் சேர்த்தால் அது இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு மட்டும் போகும். திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கர் ஊமையாக நிற்கும். ஹாலின் இடது ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு எல்லா வசனமும் இடது மூலையில் இருந்தே வரும், நடிகர் வலது பக்கம் நின்றாலும்! இதற்காக ஆடியோ பிராசஸர் பட்டியலில் மிட்-சைடு டிகோடர் என்று ஒன்று இருக்கிறது. இரு பக்கமும் பொதுவாக உள்ளதைப் பிரித்து நடுவுக்கு அனுப்பும். அவசரத்துக்குக் கை கொடுக்கும், ஆனால் பின்னணி இசையும் சேர்ந்து நடுவில் ஒடுங்குவதைக் கேட்கலாம்.

இதைவிட நல்ல வழி இருக்கிறது, பணமும் ஆகாது. மிக்ஸிங் செய்தவரிடம் வசனத்தைத் தனி மோனோ வேவ் ஃபைலாகவும், இசையும் சத்தங்களும் சேர்ந்ததைத் தனி ஸ்டீரியோ ஃபைலாகவும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் படத்தின் முதல் ஃபிரேமில் தொடங்கி ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் புராஜெக்டில் சேர்த்து, டைமிங் தாவலில் இரண்டும் பூஜ்ஜியத்தில் தொடங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு, ஆடியோ தாவலில் உள்ள கட்டங்களில் வசனத்தைச் சென்டருக்கும் இசையை இடம் வலத்துக்கும் குறித்துவிடலாம். வீடியோ ஃபைலுடன் ஒட்டி வந்த பழைய ஒலியின் குறிகளை எடுத்துவிட மறந்தால் வசனம் இரட்டிப்பாகும். டிசிபியின் சேனல் எண்ணிக்கை ஆறாக இருக்கட்டும், சரவுண்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆறுக்குக் குறைந்தால் சில தியேட்டர்களில் சிக்கல் வரும் என்று மென்பொருளே சொல்லும்.

அடுத்தது சத்தத்தின் அளவு. யூடியூபுக்காக -14 லஃப்ஸ் (மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) வரை ஏற்றி வைத்த ஒலி தியேட்டரில் காதைக் கிழிக்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தியேட்டர் ஃபேடர் 7இல் இருக்கும்போது, ஃபைலில் -20 டெசிபலில் உள்ள பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சல் ஹாலில் 85 டெசிபலாகக் கேட்க வேண்டும் என்ற அளவுகோலில் தியேட்டரின் ஒலி அமைப்பு நிற்கிறது. உங்கள் படம் அலறினால் ஆபரேட்டர் ஃபேடரை 4க்கு இறக்குவார், அடுத்த குறும்படத்தில் ஒருவர் முணுமுணுப்பது யாருக்கும் கேட்காது. பல படங்களைச் சேர்த்துத் திரையிடும் குழுக்களுக்கு இதுதான் தீராத தொல்லை. ஆடியோ தாவலில் ஒலி அளவின் வரைபடத்தைக் காட்டும் பொத்தானை அழுத்தினால் உச்ச அளவும் மொத்த லஃப்ஸ் அளவும் வரும். எல்லாப் படங்களையும் -24க்கும் -27க்கும் நடுவில், ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் கொண்டுவந்துவிட்டால் ஆபரேட்டர் ஃபேடரைத் தொட வேண்டியதில்லை. கெயின் பெட்டியில் -10 என்று போடுவதுதான் மொத்த வேலையும்.

சப்டைட்டிலில் தமிழுக்கென்று ஒரு தனிக் கவனம் வேண்டும். எஸ்ஆர்டி ஃபைலை யுடிஎஃப்-8ல் சேமித்துச் சேர்த்தால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். அதைத் தனி அடுக்காக வைத்தால் எழுத்தைத் திரையில் வரைவது தியேட்டரின் சர்வரோ ப்ரொஜெக்டரோ செய்யும் வேலையாகிறது. அவற்றில் பலவற்றுக்கு இந்திய எழுத்துகளைச் சேர்த்து எழுதத் தெரியாது. 'கொ' என்று வர வேண்டிய இடத்தில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி நிற்கும், அல்லது வெறும் கட்டங்கள் வரும். தமிழ்ச் சப்டைட்டில் என்றால் படத்தின் மேலேயே பதித்துவிடும் தேர்வைக் கண்ணை மூடிக்கொண்டு குறியுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு எழுத்துருவைக் கொடுத்து, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் நாலு வரிகளை முன்னோட்டத்தில் பார்த்துவிட்டால் போதும்.

ஆங்கிலச் சப்டைட்டில் தனி அடுக்காக இருப்பதில் தவறில்லை. இன்டராப் வகையில் எழுத்துரு ஃபைல் 640 கேபிக்குள் இருக்க வேண்டும், மிஞ்சினால் சில சர்வர்கள் திணறும். முதல் சப்டைட்டில் படம் தொடங்கி நாலு விநாடி கழித்து வரட்டும், அதற்கு முன் வந்தால் சில இடங்களில் காட்டாமலே போய்விடும். மூன்று வரிக்கு மேல் போனாலும், ஒரு வரியில் 52 எழுத்தைத் தாண்டினாலும் குறிப்புகள் பட்டியலில் எச்சரிக்கை வரும்.

பிட்ரேட்டை, அதாவது ஒரு விநாடிப் படத்துக்கு எவ்வளவு தரவு என்பதைப் பொறுத்தவரை உச்சவரம்பு விநாடிக்கு 250 மெகாபிட். எச்டியில் எடுத்த படத்துக்கு 100 முதல் 150 தாராளம். சில பழைய ப்ரொஜெக்டர்கள் 250இல் தடுமாறும், கண்ணுக்கு வித்தியாசமும் தெரியாது. 15 நிமிடப் படம் 100இல் சுமார் 11 ஜிபி, 250இல் 28 ஜிபி, ஒலிக்கு இன்னொரு முக்கால் ஜிபி. நேரம் எவ்வளவு ஆகும் என்பது லேப்டாப்பைப் பொறுத்தது. 15 நிமிடத்தில் 21,600 ஃபிரேம் இருக்கிறது. விநாடிக்கு 6 ஃபிரேம் முடித்தால் ஒரு மணி நேரம், 2 ஃபிரேம்தான் முடிகிறது என்றால் மூன்று மணி நேரம். நண்பர்களின் கணினிகளும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், அவற்றில் இதனுடன் வரும் என்கோட் சர்வரை ஓடவிட்டு வேலையைப் பங்கிடலாம். திரையிடலுக்கு முந்தைய ராத்திரி இதைத் தொடங்குவது ஆபத்து.

சாவி இல்லாமல் ஓடாதபடி படத்தைப் பூட்டும், அதாவது என்க்ரிப்ட் செய்யும் வசதியும் உண்டு, வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. என்க்ரிப்ட் செய்தால் அந்தத் தியேட்டர் சர்வரின் சான்றிதழை வாங்கி, அதற்கென்று நேரம் குறித்த கேடிஎம் சாவி தயாரிக்க வேண்டும். காட்சி ஒரு மணி நேரம் தள்ளிப்போய்ச் சாவியின் காலம் முடிந்துவிட்டால் திரை கறுப்புதான். ஹாலில் இருப்பது உங்கள் சொந்த ஆட்கள், திருட்டுக்குப் பயந்து பூட்டுவதில் பொருளில்லை.

இன்டராப், எஸ்எம்பிடிஇ எதைத் தேர்வது என்ற கேள்விக்கு ஆபரேட்டரிடம்தான் பதில் இருக்கிறது. என்ன சர்வர், கடைசியாக எப்போது அப்டேட் செய்தார்கள் என்று கேளுங்கள். விவரம் கிடைக்கவில்லை என்றால், 24 ஃபிரேம் படத்துக்கு இரண்டு வகையிலும் ஒன்று செய்து எடுத்துப்போவது நல்லது.

முடிந்த பிறகு டிசிபியைச் சரிபார்க்கும் கருவியை ஓடவிட்டு, பிழை இல்லை என்று வந்ததும் டிஸ்கில் ஏற்றலாம். எஃப்ஏடி32 டிஸ்கில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் டிஸ்கைப் பல சர்வர்கள் கண்டுகொள்ளாது. என்டிஎஃப்எஸ் பல இடங்களில் எடுக்கும். எங்கும் எடுப்பது லினக்ஸின் ஈஎக்ஸ்டி வகைதான். விண்டோஸ் பயன்படுத்துபவர்களுக்கு இது முன்பு பெரிய சுவராக நின்றது, இப்போது இதனுடன் வரும் டிஸ்க் ரைட்டர் அதை உடைத்துவிட்டது. டிசிபி ஃபோல்டரையும் டிஸ்கையும் காட்டினால் தானே ஃபார்மேட் செய்து ஏற்றிவிடும். அந்த டிஸ்கில் ஏற்கெனவே இருந்த எல்லாம் அழியும் என்பதால், ஷூட்டிங் ஃபுட்டேஜ் உள்ள டிஸ்க் எதுவும் அந்த நேரத்தில் கணினியில் செருகியிருக்கக் கூடாது. அவ்வளவு கண்டிப்பாக இருங்கள்.

குறைகளும் உண்டு. முதல்முறை திறப்பவரை மிரட்டும் அளவுக்குத் திரையில் பெட்டிகள் நிறைந்திருக்கும். கையேடு தெளிவானதுதான், ஆனால் நீளம். கூடவே வரும் பிளேயரில் சாதாரண லேப்டாப்பில் படம் திக்கித் திக்கி ஓடும். அது டிசிபியின் கோளாறு அல்ல, ஜேபெக் 2000ஐ அவிழ்ப்பது அவ்வளவு கனமான வேலை. தெளிவைப் பாதியாகவோ காலாகவோ குறைக்கும் தேர்வை அழுத்தினால் ஓரளவு சீராகும். சோதனைப் பதிப்புகளும் தளத்தில் கிடைக்கும், திரையிடல் தேதி நெருங்கும்போது நிலையான பதிப்பைத் தவிர எதையும் நிறுவாதீர்கள். வேலை முடிந்ததும் முடிந்த தொகையை நன்கொடையாக அனுப்புங்கள். இத்தனை பெரிய வேலையை இலவசமாகக் கொடுப்பவர்களுக்கு அது சேர வேண்டியது.

தியேட்டரை உறுதி செய்யும்போது தணிக்கைச் சான்றிதழ் பற்றியும் பேசிவிட வேண்டும். 1952ஆம் ஆண்டு திரைப்படச் சட்டப்படி பொதுத் திரையிடலுக்கு அது தேவை, குறும்படத்துக்கும் விலக்கு இல்லை. விழாக்களுக்கு ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விண்ணப்பித்து விலக்கு வாங்கலாம்.

சோதனைக் காட்சிக்கு முதல் நாளே டிஸ்கைக் கொடுத்து சர்வரில் ஏற்றச் சொல்லுங்கள், யுஎஸ்பி வழியாக 11 ஜிபி ஏறவே நேரம் பிடிக்கும். பிறகு மூன்று இடங்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள்: முதல் சப்டைட்டில், படத்திலேயே இருட்டான காட்சி, கடைசி நிமிடத்தில் ஒருவர் முகம் தெரியப் பேசும் காட்சி. கடைசியில் உதடு பொருந்தினால் நடுவிலும் பெரும்பாலும் பொருந்தியிருக்கும். ஹாலின் இடது ஓரத்தில் ஒருவரை உட்காரவைத்து வசனம் நடுவில் இருந்து வருகிறதா என்று கேளுங்கள். ஃபிளாட், ஸ்கோப் படங்கள் கலந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே டிசிபியாக ஒட்டாமல் தனித்தனியாகவே கொடுங்கள், லென்ஸ் மாற ஒவ்வொன்றின் நடுவிலும் சில விநாடி கறுப்பு விடச் சொல்லுங்கள். எந்தப் படம் ஃபிளாட், எது ஸ்கோப், ஃபேடர் எந்த எண்ணில் இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி ப்ரொஜெக்ஷன் அறையில் ஒட்டிவிட்டு வாருங்கள், காட்சி நாளன்று டியூட்டிக்கு வருபவர் வேறு ஆபரேட்டராக இருக்கலாம்.